தகர டப்பா மகுடம்: நியூ ஆர்லியன்ஸ் ஜூலு சங்கத்தின் கதை

1987இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஒரு சங்கத்தால் தன் காப்பீட்டைப் புதுப்பிக்க முடியாமல் போனது. காரணம் தேங்காய். ஒவ்வொரு கார்னிவலுக்கும் அந்தச் சங்கத்து ஆட்கள் அலங்கார ஊர்தியில் நின்றபடி கூட்டத்தைப் பார்த்துத் தேங்காய் வீசுவார்கள். ஓட்டோடு, முழுத் தேங்காய். பிடிக்கத் தெரிந்தவர் பிடித்துக்கொண்டார், தெரியாதவர் மண்டையில் வாங்கிக்கொண்டார். அடிபட்டவர்கள் வழக்குப் போட, அடுத்த காப்பீடு கிடைக்கவில்லை. பல பத்தாண்டுப் பழக்கம் ஒரே வருடத்தில் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜூலு சமூக உதவி மற்றும் கேளிக்கைச் சங்கம் என்பது அதன் முழுப் பெயர். காப்பீட்டு நிறுவனங்கள் கண்டுகொள்ளாத மனிதர்கள், தங்களுக்குத் தாங்களே காப்பீடாக நிற்கவேண்டி வந்த காலத்துப் பெயர் அது. சாவுக்கும் நோய்க்கும் சந்தா கட்டியவர்கள் முதலில் கூடினார்கள். ஊர்வலம் அப்புறம் வந்தது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஜூலுவைப் பார்த்தால், முகத்தில் கறுப்பு மை பூசி, புல் பாவாடை கட்டிய கறுப்பின மனிதர்கள் தேங்காய் கொடுக்கிற கூத்து மட்டும்தான் தெரியும். அப்படிப் பார்த்தவர்கள் அமெரிக்காவிலேயே நிறைய இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நாலு பேர் வேண்டும்

சாவு விழுந்தால் தூக்கிப்போட நாலு பேர் வேண்டும் என்று நம் ஊரில் சொல்வோம். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினத் தொழிலாளிகளுக்கு அது சொலவடையாக இருக்கவில்லை, மாதாந்திரக் கணக்காக இருந்தது. 1880களில் நாட்டின் பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, கறுப்பினத்தவர் அதே பிரீமியம் கட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத்தான் தருவோம் என்று அறிவித்தது. 1896இல் வந்த பிளெசி வழக்குத் தீர்ப்பு, தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்று சொல்லி இனப் பிரிவினையைச் சட்டமாக்கியது. அந்த வழக்கே இந்த ஊரில் ஓடிய ரயிலில் தொடங்கியதுதான்.

ஆக, வார்டுக்கு வார்டு சங்கங்கள் முளைத்தன. கொஞ்சம் சந்தா கட்டினால் போதும். படுத்துவிட்டால் கைச்செலவுக்குப் பணம் வரும், செத்துவிட்டால் அடக்கத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். சில சங்கங்கள் மருத்துவரையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தன. நியூ ஆர்லியன்ஸ் தாழ்வான நிலம், நீர்மட்டம் மேலே இருக்கும். அதனால் கல்லறைகளைத் தரைக்கு மேல் கட்டும் வழக்கம் அங்கே உண்டு. அது செலவு பிடிக்கும் வேலை. பல சங்கங்கள் பொதுவில் ஒரு கல்லறையைக் கட்டி உறுப்பினர்களை அதில் வைத்தன.

அடக்கம் என்றால் பித்தளை வாத்தியக் குழு இல்லாமல் நடக்காது. கல்லறைக்குப் போகும்போது மெதுவான தோத்திரப் பாட்டு. உடலை விட்டுத் திரும்பும்போது வேகமான தாளம். சங்கத்து ஆட்களும் வாத்தியக்காரர்களும் முன்னால் போவார்கள், தெருச்சனம் குடையும் கைக்குட்டையுமாக ஆடிக்கொண்டு பின்னால் வரும். அந்தப் பின்வரிசைக்குத்தான் செகண்ட் லைன் என்று பெயர். ஊர்வலம் போகும் கலையை இவர்கள் கற்றுக்கொண்டது முதலில் சவ ஊர்வலத்தில்.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தின் பெயர் 'டிராம்ப்ஸ்'. ஊர்சுற்றிகள், நாடோடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்கள் கூலித் தொழிலாளிகள். பெர்டிடோ தெருவில் ஒரு மதுக்கடையின் பின்னறைதான் அவர்கள் கூடும் இடம். சங்கம் தானே சொல்லிவரும் கதைப்படி, 1909இல் அவர்கள் பிதியன் டெம்பிள் அரங்குக்கு 'ஸ்மார்ட் செட்' என்ற குழுவின் இசை நாடகம் பார்க்கப் போனார்கள். அதில் தென்னாப்பிரிக்காவின் ஜூலு இனத்தைப் பற்றி ஒரு காட்சி. என்னைப் போல் ஒரு ராஜா இருந்ததும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை என்கிற பாவனையில் அந்தக் காட்சி போகும். பார்த்துவிட்டுப் பின்னறைக்குத் திரும்பியவர்கள் ஜூலுக்களாக வெளியே வந்தார்கள் என்பார்கள்.

கதை சுத்தமாக இருப்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. அந்த அரங்கைக் கட்டியதும் ஒரு கறுப்பினச் சகோதர சங்கம்தான். அப்புறம் அந்தப் பெயர். 1879இல் இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் படையை மண்ணைக் கவ்வ வைத்தவர்கள் ஜூலுக்கள். அமெரிக்க மேடைகளில் ஜூலு என்றால் எலும்பு மாட்டிய காட்டுமிராண்டி வேஷம். ஒரே சொல்லுக்குள் அந்த வீரமும் இந்தக் கேலியும் இருந்தன. டிராம்ப்ஸ் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

ராஜாவுக்கு எதிர் ராஜா

மார்டி கிரா என்பது சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய். தவக்காலம் தொடங்குமுன் ஆடித்தீர்க்கும் நாள், கார்னிவலின் கடைசி நாள். நியூ ஆர்லியன்ஸில் அந்த நாளுக்கு வெள்ளைக்காரக் கனவான்கள் சொந்தம் கொண்டாடினார்கள். 1857இல் கோமஸ், 1872இல் ரெக்ஸ் என்று அவர்களுடைய ஊர்வல மன்றங்கள் வந்தன. ரெக்ஸ் என்றால் லத்தீனில் அரசன். மன்றத்திலிருந்து ஒருவர் ராஜாவாகி, பொன்முடியும் செங்கோலுமாக நீராவிப் படகில் மிசிசிப்பியில் வந்திறங்குவார். கறுப்பினத்தவருக்கு அந்த ஊர்வலங்களில் இடம் உண்டு. இரவில் தீப்பந்தம் பிடிக்க.

1909 மார்டி கிரா அன்று வில்லியம் ஸ்டோரி என்பவர் ஜூலு ராஜாவாக நடந்து வந்தார். தலையில் இருந்தது பன்றிக்கொழுப்பு அடைத்து விற்கும் தகர டப்பா. கையில் வாழைத்தார்க் காம்பு. அந்த ஊர் அப்போது அமெரிக்காவின் பெரிய வாழைப்பழத் துறைமுகங்களில் ஒன்று, பழம் போன காம்பு எங்கும் கிடக்கும். கூட வந்தவர்கள் கிழிந்த கால்சட்டை போட்டிருந்தார்கள். ராஜாவுக்கு முன்னும் பின்னும் நாலு பேர் கொண்ட பாட்டுக்குழு. காசு கொடுத்து வாங்கியது எதுவுமில்லை. ரெக்ஸிடம் இருந்த ஒவ்வொன்றுக்கும் சமையலறையிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் ஒரு பதில் எடுத்து வந்துவிட்டார்கள்.

இந்தக் கேலியின் நுணுக்கம் வருடத்துக்கு வருடம் கூடியது. 1915இல் முதல் ஊர்தி. ஸ்பிரிங் வைத்த வண்டியில் ஜவுளிக்கடைப் பெட்டிகளை அடுக்கி, பனையோலையும் மரப்பாசியும் சுற்றிக் கட்டியது. ரெக்ஸ் பெரிய ஆற்றில் கப்பலில் வருகிறாரா, ஜூலு ராஜா ஊருக்குள் ஓடும் கால்வாயில் படகில் வந்திறங்கினார். ராஜாவைச் சுற்றி வேஷங்கள் சேர்ந்தன. மந்திரவாதி, தூதர், மேயர், கவர்னர். 1930 வாக்கில் பால் ஜான்சன் உருவாக்கிய 'பிக் ஷாட்' எனக்குப் பிடித்த பாத்திரம். சுருட்டு, உருண்டைத் தொப்பி, கதவுக் குமிழ் அளவுக்கு ஒரு போலி வைரம். ராஜாவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் இவரைப் பார்க்க வேண்டும். ஆட்டத்தில் ராஜாவையே மிஞ்சுவதுதான் இவர் வேலை. அரசியல்வாதியின் வீட்டு வாசலில் காத்துக்கிடந்த எவருக்கும் இந்த ஆளை அடையாளம் தெரியும்.

இதற்கிடையில் 1916 செப்டம்பர் 20 அன்று, காப்ரியல் பெர்னாண்டஸ் என்ற நோட்டரியின் அலுவலகத்தில் 22 பேர் கையெழுத்திட்டுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். தகர டப்பா ராஜாங்கத்துக்குச் சட்டப்படி சாசனம் வந்தாயிற்று. 1933இல் உறுப்பினர்களின் மனைவிமார் மகளிர் துணைச்சங்கம் அமைத்தார்கள். 1948இல் எட்வினா ராபர்ட்சன் ஊர்வலத்தில் வந்த முதல் ஜூலு ராணி ஆனார்.

வெள்ளையரின் ஊர்வலங்களுக்கு வகுத்துவைத்த பாதை உண்டு. ஜூலு பின்தெருக்களில் சுற்றியது. இனப் பிரிவினை பாதிக் காரணம், மதுக்கடைகள் மீதிக் காரணம். ஊர்திக்குப் பணம் கொடுத்த கடை, "ஜூலு இங்கே நிற்கும்!" என்று முன்கூட்டியே விளம்பரம் போட்டுவிடும். நின்றுதான் ஆக வேண்டும். நின்றால் உள்ளே போனவர்களை வெளியே கொண்டுவருவது லேசில்லை. காத்திருந்து அலுத்த மற்ற ஊர்திகள் தத்தம் கடையைத் தேடி ஆளுக்கொரு திசையில் போய்விடும். ஒரே ஊர்வலம் ஊரில் நாலைந்து இடத்தில் நடந்துகொண்டிருக்கும். ஜூலுவைப் பார்க்க விரும்பியவர் முதலில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தேங்காய்

1910 வாக்கிலேயே தேங்காய் பற்றிய பேச்சு வந்துவிட்டது. பணக்கார மன்றங்கள் கூட்டத்துக்குக் கண்ணாடி மணிமாலை வீசின. அது விலை அதிகம். பிரெஞ்சு மார்க்கெட்டில் தேங்காய் மலிவு. தொடக்கத்தில் நாரும் குடுமியுமாக அப்படியே கொடுத்தார்கள். பின்னாளில் லாய்ட் லூகஸ் என்ற விளம்பரப் பலகை ஓவியர் நாரைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டின் மேல் வண்ணம் தீட்ட, அது பிடித்துக்கொண்டது.

இன்று அது ஒரு கைத்தொழில். மார்டி கிராவுக்குப் பல மாதங்கள் முன்பே வேலை தொடங்கிவிடும். கண்ணில் துளை போட்டுத் தண்ணீரை வடிக்கிறார்கள். வடித்தால் எடையும் குறையும், அழுகவும் செய்யாது. நாரை மழித்து, ஓட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். அதன்மேல் கறுப்பும் தங்கமும் பூசி, ஜிகினாத் தூள் தூவி, ஒரு முகமோ இசட் என்ற எழுத்தோ வரைந்து உலர வைக்கிறார்கள். மூன்று கண் உள்ள பக்கம் ஏற்கெனவே ஒரு முகம் மாதிரிதான் இருக்கும், அதனால் ஓவியருக்கு வேலை சுலபம். கார்னிவலில் வீசப்படும் லட்சக்கணக்கான பிளாஸ்டிக் மணிகள் மறுநாள் சாக்கடையில் கிடக்கும். ஜூலு தேங்காயை மட்டும் யாரும் போட்டுவிட்டுப் போவதில்லை. அதை வீட்டு அலமாரியில் வைப்பார்கள்.

1987இல் நின்ற இந்தப் பழக்கத்தை மீட்கச் சங்கம் போன இடம் லூசியானா சட்டமன்றம். மறுவருடமே ஒரு சட்டம் நிறைவேறியது. ஊர்தியிலிருந்து கையில் கொடுக்கப்பட்ட தேங்காயால் காயம் பட்டால் சங்கம் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். ஊரில் அதற்குப் பெயர் 'தேங்காய்ச் சட்டம்'. அன்றிலிருந்து வீசக்கூடாது, எட்டிக் கொடுக்க வேண்டும். தேங்காய் வேண்டுமென்றால் ஊர்தியருகே முண்டியடித்துப் போய்க் கையை நீட்ட வேண்டும், கண்ணோடு கண் பார்த்துக் கேட்க வேண்டும். காப்பீட்டுக்காரர்கள் செய்த உபகாரம் என்றுகூடச் சொல்லலாம்.

1949 மார்ச் 1

பெர்டிடோ தெருப் பக்கம் வளர்ந்த ஒரு ஏழைப் பையனுக்கு ஜூலு ராஜாவைவிடப் பெரிய மனிதர் உலகத்தில் கிடையாது. அந்தப் பையன் லூயி ஆம்ஸ்ட்ராங். 1949இல் அவர் உலகம் அறிந்த டிரம்பெட் கலைஞர். பிப்ரவரி 21 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் அவர் படம். அந்த அட்டையில் வந்த முதல் ஜாஸ் கலைஞர் அவர்தான். ஜூலு ராஜா ஆவது வாழ்நாள் கனவு, அது நடந்துவிட்டால் சாகத் தயார் என்று அந்த இதழிடம் சொல்லியிருந்தார்.

மார்ச் 1 அன்று சிவப்பு வெல்வெட் அங்கி, புல் பாவாடை, முகமெல்லாம் கறுப்பு மை, கண்ணையும் வாயையும் சுற்றி வெள்ளை வளையம் என்று ஊர்தியில் ஏறினார். வழியில் கெர்ட்ரூட் கெடிஸ் வில்லிஸின் ஈமச்சடங்கு நிலையத்தில் ராஜாவுக்கு ஷாம்பெயின் கொடுத்து வாழ்த்தினார்கள். பிண அறை வாசலில் ராஜாவுக்கு வாழ்த்தா என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். அந்த அம்மையார் ஈமச்சடங்குத் தொழிலோடு அடக்கச் செலவுக் காப்பீடும் நடத்தியவர். சந்தா கட்டிய உறுப்பினரைக் கடைசியில் எடுத்து வைப்பது அப்படிப்பட்ட இடத்தில்தான். அந்த ஊரில் அதைவிடப் பொருத்தமான வாசல் வேறு இல்லை. ஊர்தி அன்று பாதையை முழுதாக முடிக்கவில்லை, நொறுங்கிப்போனது. கூட்டம் துண்டுகளை ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போனது.

படங்கள் நாடெங்கும் வந்தன. கறுப்பினப் படிப்பாளிகள் பலருக்கு நெஞ்சு கொதித்தது. உலகமே மதிக்கும் கலைஞன் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த கோமாளி முகத்தைத் தானே பூசிக்கொள்வதா? ஆம்ஸ்ட்ராங்குக்கு அந்தக் கேள்வி புரியவேயில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் பார்த்தது தன் தெரு ராஜாவின் முகம், மற்றவர்கள் பார்த்தது மேடைக் கேலியின் முகம். மை ஒன்றுதான். வெறும் மண் தெருவில் தெரிந்தவர்கள் நடுவே பூசியபோது இருந்த அர்த்தம், பத்திரிகைப் புகைப்படத்துக்குப் போனதும் கூடவே போகவில்லை. இந்தச் சங்கத்தின் வரலாற்றில் அதற்குப் பிறகு வந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்பேன். 1956இல் லூசியானா, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து மேடையேறுவதைத் தடை செய்தது. தன் கலப்பு இசைக்குழுவோடு வாசிக்க முடியாத ஊருக்கு வரமாட்டேன் என்று ஆம்ஸ்ட்ராங் 1965 வரை அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை. புல் பாவாடை கட்டியவருக்கு மானமில்லை என்று முடிவு கட்டியவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

16 பேர்

1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகளில் இனப் பிரிவினை உடையத் தொடங்கியது. ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் அரசுக் காவலர்கள் சூழப் பள்ளிக்குப் போக, வெளியே வெள்ளைக்காரத் தாய்மார்கள் கத்தினார்கள். அந்த வருத்தம் ஆறுமுன் 1961 கார்னிவல் வந்தது. கறுப்பின அமைப்புகள் கொண்டாட்டத்தைப் புறக்கணிக்க முடிவு செய்தன. உரிமைக்காகப் போராடிக்கொண்டிருக்கும்போது குடித்துவிட்டுப் புல் பாவாடையில் தள்ளாடுவது நம் எல்லோரையும் கேவலப்படுத்துகிறது என்று ஜூலுவுக்கு எதிராகப் பகிரங்க அறிக்கை வெளியானது. மேயரின் ஆதரவோடும் போலீஸ் காவலோடும் ஊர்வலம் போனது. வெள்ளைக்கார மேயரின் போலீஸ் காவலில் ஜூலு. ரெக்ஸைக் கேலி செய்யப் பிறந்த சங்கத்துக்கு இதைவிடச் சங்கடம் வேறு வேண்டாம்.

1965 வாக்கில் மையையும் பாவாடையையும் கொஞ்ச காலம் விட்டுப் பார்த்தார்கள். ஆனாலும் உறுப்பினர் எண்ணிக்கை 16 அளவுக்குச் சரிந்தது. அந்தக் காலத்தில் தலைவராக இருந்து சங்கம் கலையாமல் பார்த்துக்கொண்டவர் ஜேம்ஸ் ரசல். ஊரே தூற்றும்போது அந்தப் பதினாறு பேர் எதற்காக நின்றார்கள்? கேளிக்கைக்காக மட்டும் என்றால் வீட்டில் இருந்திருப்பார்கள். எனக்குத் தோன்றுவது, பெயரின் முதல் பாதி அவர்களைப் பிடித்து வைத்தது. பக்கத்தில் நிற்பவர் செத்தால் தூக்கவும், தான் செத்தால் தூக்கப்படவும் கட்டிய சந்தா அது. அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது அவ்வளவு லேசில்லை.

பிறகு காலம் திரும்பியது. 1960களின் கடைசியில் ஜூலு முதன்முதலாக செயின்ட் சார்லஸ் அவென்யூ, கெனால் தெரு போன்ற பெரிய வீதிகளில் வந்தது. மதுக்கடைச் சுற்று முடிந்து பாதையும் நேரமும் எழுதிவைத்தபடி ஆனது. 1973இல் தலைமைக்கு வந்த ராய் கிளாப்பியன் ஆசிரியர்களையும் வியாபாரிகளையும் மற்ற தொழில்முறையாளர்களையும் சேர்த்தார். இனம் பாராமல் சேர்த்தார், வெள்ளையர் உட்பட. 1992இல் நகர மன்ற உறுப்பினர் டாரத்தி மே டெய்லர் கொண்டுவந்த விதி, இனப் பாகுபாடு காட்டும் மன்றத்துக்கு ஊர்வல அனுமதி கிடையாது என்றது. கோமஸ், மோமஸ், புரோட்டியஸ் மூன்றும் உறுப்பினர் பட்டியலைத் திறப்பதைவிடத் தெருவை விட்டுப் போவது மேல் என்று விலகின. புரோட்டியஸ் மட்டும் 2000இல் திரும்பியது. 1857இல் தொடங்கிய கோமஸின் ஊர்வலம் இன்று இல்லை. தகர டப்பாவோடு தொடங்கியது ஓடிக்கொண்டிருக்கிறது.

மை மட்டும் கலையவில்லை. 2009இல் லூசியானா அரசு அருங்காட்சியகம் நூற்றாண்டுக் கண்காட்சி வைத்தது. பத்து வருடம் கழித்து, 2019இல், மையை நிறுத்து என்று ஒரு போராட்டக் குழு சங்க வாசலிலேயே நின்றது. இது வெள்ளையர் கறுப்பரைக் கேலி செய்யப் பூசியது அல்ல, எங்கள் மரபின் ஒப்பனை என்றது சங்கம். ஊர்திகளில் ஏறும் வெள்ளைக்கார உறுப்பினர்களும் அதே மையைப் பூசுகிறார்கள் என்பதுதான் இதில் சிக்கல். என் கணக்கில் பிரச்சினை வேறு இடத்திலும் இருக்கிறது. 1990களின் முடிவிலிருந்து மார்டி கிராவுக்கு முந்தைய நாள் ஜூலு ராஜாவும் ரெக்ஸும் ஆற்றங்கரையில் சந்தித்துக் கைகுலுக்குகிறார்கள். நல்ல விஷயம், ஊருக்குத் தேவையும்கூட. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்க அந்த வேஷம் போட்டார்களோ அவர் இப்போது சிநேகிதர். கேலிக்குக் குறி போய்விட்டது, வேஷம் தங்கிவிட்டது. அதைப் பார்க்கும் புது ஆளுக்கு விளக்கம் சொல்லித்தான் தீர வேண்டியிருக்கிறது.

2005 கத்ரீனா புயல் வெள்ளத்தில் பிராட் தெருவில் இருந்த சங்கக் கட்டடம் மூழ்கியது. உறுப்பினர்கள் ஹியூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் சிதறினார்கள். ஆறு மாதத்தில், 2006 பிப்ரவரி 28 அன்று, திரும்பி வந்து ஊர்வலம் போனார்கள்.

2020 அதைவிட மோசம். அந்த வருட மார்டி கிரா பிப்ரவரி 25. சங்கத்தில் அப்போது சுமார் 800 பேர். ஊர்வலம், நடன விருந்து, ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பாடு என்று கலந்திருந்தார்கள். கொரோனா அதற்குள் ஊருக்குள் வந்துவிட்டது யாருக்கும் தெரியாது. மார்ச் மாதம் சாவுகள் தொடங்கின. அடுத்த ஒரு வருடத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் போய்விட்டார்கள். மாநிலத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடத் தடை. வாத்தியக் குழு இல்லை, செகண்ட் லைன் இல்லை, தெருவில் குடை இல்லை. அடக்கம் செய்வதற்காகவே பிறந்த சங்கம் தன் ஆட்களை முறையாக அடக்கம் செய்ய முடியாமல் நின்றது. 2021இல் ஊர்வலங்களே ரத்தாயின.

ஈஸ்டர் தேதி எப்படி விழுகிறதோ அப்படித்தான் மார்டி கிராவும் விழும். 2022இல் அது மார்ச் 1 அன்று வந்தது. ஆம்ஸ்ட்ராங் ஊர்தி ஏறிய அதே தேதி. போலீஸ் ஆள் பற்றாக்குறையால் அந்த வருடம் ஊர்வலங்களின் பாதையைச் சுருக்கியிருந்தார்கள். ஜூலு காலையில் கிளம்பி ஜாக்சன் அவென்யூ வழியே வந்தது. கெடிஸ் வில்லிஸின் பெயர் தாங்கிய ஈமச்சடங்கு நிலையம் இன்றும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது.